எந்த ஊருங்க சாமி?

விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்கிறார் தேவிப்ரியா: "நீங்க எந்த ஊருங்க சாமி?" பக்கத்தில் யாருமில்லை. கேள்வி கணினிக்கு. நாமக்கல்லில் லாரிகளின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்தில் என்னோடு சேர்ந்து சர்வர் கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் அவர். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே வேலை வாங்குவார். மவுஸ் வைக்கும் அட்டைமேல் அவருடைய டீ கிளாஸ்தான் இருக்கும்.

சர்வர் நின்றுபோனால்கூட "படுத்துட்டாருங்க" என்பார். வாடா போடாவெல்லாம் மேலாளருக்கு மட்டும், அதுவும் அவர் கிளம்பிப் போன பிறகு.

போன வருஷம் தோட்டத்து மோட்டார் பெல்ட்டில் மாட்டி என் இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் போயின. எங்கள் வேலையில் பாதி, கண்ட்ரோல் விசையைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு இன்னொன்றைத் தட்டுவது. பழைய கட்டளையைத் தேடவும், ஒரு சொல்லை அழிக்கவும் அப்படித்தான். நான் தடவித் தடவித் தட்டுவதைப் பார்த்த மேலாளர், பில் போடும் பக்கம் போய்விடுங்களேன் என்றார். நான் கற்ற ஒரே வேலை இது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

தேவிப்ரியா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அதையெல்லாம் ஒத்த விசைக்கு மாத்திப் போட்டுர்லாமுங்க" என்றார். மேல்வரிசை எஃப் விசைகளுக்கு மாற்றினார். என் கணினியில் ஜோராக வேலை செய்தது. அங்கிருந்து அலுவலகத்தின் பழைய சர்வர் ஒன்றுக்குள் நுழைந்து அதே விசையை அழுத்தினால் குப்பை எழுத்துகளாகக் கொட்டின. நம் திரை தான் எந்த வகை என்று ஒரு பெயர் சொல்லித்தான் உள்ளே போகுமாம். என் திரை சொன்ன புதுப் பெயரைப் பழைய சர்வர் கேள்விப்பட்டதில்லை.

"தெரியாத ஊர்க்காரங்க பேச்சு அவருக்குப் புரியாதில்லீங்ணா. அவருக்குத் தெரிஞ்ச ஊராச் சொல்லிட்டு உள்ள போலாமுங்க."

பெயரை மாற்றினார். ஒவ்வொரு விசையும் என்ன குறி அனுப்புகிறது என்று அழுத்திப் பார்த்து, அதை அந்தச் சர்வரிலும் எழுதிவைத்தார். இன்றும் நான் அதே நாற்காலியில் இருக்கிறேன் என்றால் அவர் புண்ணியம். நன்றி சொன்னால், டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்பார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகும், இரண்டு விசைகள் எட்டாது என்று அவராகவே இடம் மாற்றினார். எட்டவில்லைதான், ஆனால் நான் சொல்லவே இல்லை.

மறுநாள் சாப்பாடு முடிந்து சீக்கிரமே திரும்பினேன். என் இருக்கையில் தேவிப்ரியா உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். இடக்கையின் கடைசி இரண்டு விரல்களை மடக்கி ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.