தமிழில் ஒன்று, இங்கிலீஷில் பூஜ்யம்

எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் எனக்குத் தொண்ணூற்று நான்கு மார்க். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசியில், அந்த ஒரு வருஷம் முழுக்க, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் என்னிடம் யார் வாயைக் கொடுத்தாலும் இதைத்தான் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடமும் சொன்னேன். அவர் கேட்டது மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று.

நான் படித்தது அரசாங்கப் பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம். அல்ஜீப்ரா எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. உறுப்புகள் சேர்ந்தால் கோவை, இரண்டு கோவைகளுக்கு நடுவே சமக்குறி போட்டால் சமன்பாடு, எழுத்துக்கு முன்னால் நிற்கிற எண் கெழு என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒப்பிப்பேன். எழுத்து தனியாக நின்றால் அதன் கெழு ஒன்று. இதையெல்லாம் எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்கிற திமிர் வேறு.

அப்பா பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. குறைவாகப் பேசுவார். பேசினால் அது உத்தரவு. நகரத்தில் ஒரு பெண்கள் காலேஜில் என்னைப் பி.யூ.சி.யில் சேர்த்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பி வரும்போது, பல்லாவரம் தாண்டியதும் சொன்னார்.

"டிசம்பர் பரீட்சை வரைக்கும் பாப்பேன். கணக்குல தேறலைன்னா ஜனவரியிலருந்து டைப்ரைட்டிங் கிளாஸ். அப்புறம் அத்தை சொல்ற இடத்தைப் பேசி முடிச்சிடலாம்."

அத்தை சொன்ன இடம் படப்பையில் ஒரு அரிசி மில். மில்லையும் நான் பார்த்ததில்லை, மில்காரர் பிள்ளையையும் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையும் இல்லை.

"கணக்குலயா? நானா?" என்று ரயிலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

முதல் வாரம். கணக்கு மிஸ் போர்டில் 7x + 4y − 9 என்று எழுதினார். பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது என் சொந்த ஊர் என்று முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிஸ் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். டெர்ம், எக்ஸ்பிரஷன், வேரியபிள், கான்ஸ்டன்ட். பிறகு என்னைக் காட்டி, எக்ஸின் கோஎஃபிஷியன்ட் என்ன என்று கேட்டார்.

எழுந்தேன். "எஸ் மிஸ்" என்றேன்.

"எஸ், வாட்?"

"எஸ் மிஸ்."

கான்வென்டிலிருந்து வந்த கூட்டம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. நான் நின்றபடியே முறைத்தேன். மிஸ் மேல் கோபம், கைக்குட்டைகள் மேல் கோபம், இங்கிலீஷ் பேசுகிற உலகத்தின் மேலேயே கோபம். என் மேல் மட்டும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் 'அப்படின்னா என்ன?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. மறுநாளிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

வீட்டில் அம்மா கேட்டார். "காலேஜ் கணக்கு ரொம்ப ஈசி" என்றேன். அதுவும் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி.

அது அடுத்த வீட்டு டீச்சர் காதில் விழுந்தது. டீச்சர் குரோம்பேட்டையில் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் பள்ளி, நடுவில் கவலை. கவலைக்குக் காரணம் அவர் மகள். கான்வென்டில் எட்டாவது படித்தாள், கணக்கில் மட்டும் பதினொன்று வாங்கிக்கொண்டு வருவாள். டீச்சர் வந்து கேட்டார்.

"சாயங்காலத்துல கொஞ்சம் இவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடேம்மா. நீதான் தொண்ணூத்தி நாலாச்சே."

முடியாது என்று சொல்ல வாய் வருமா? "அனுப்புங்க டீச்சர்" என்றேன்.

அந்தப் பெண் வந்தாள். ரெட்டைப் பின்னல், இங்க் கறை, நீளமான வாய். புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். முழுக்க இங்கிலீஷ். உடனே ஒரு தந்திரம் செய்தேன். முட்டாள்கள் தந்திரத்தில் குறை வைப்பதில்லை.

"நீயே உரக்கப் படி. படிச்சு, அர்த்தம் என்னன்னு தமிழ்ல சொல்லு."

"ஏன்க்கா?"

"அப்பதான் மண்டையில ஏறும்."

அவள் படித்தாள். "லைக் டெர்ம்ஸ்னா ஒரே எழுத்து இருக்கறது. அன்லைக் டெர்ம்ஸ்னா வேற வேற எழுத்து. இது கூட உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"எனக்குத் தெரியும்டீ. உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன். மேல படி."

அவள் போனதும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். மாணவியிடம் டியூஷன் படித்த வாத்தியார் தாம்பரத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

லைக் டெர்ம்ஸ் என்பதும் நாங்கள் படித்த ஒத்த உறுப்புகளும் ஒன்றுதானோ என்று ஒரு சமயம் தோன்றத்தான் செய்தது. ஆனால் இருக்காது என்று நானே முடிவு கட்டினேன். கான்வென்ட்காரர்கள் உட்காருவது வேறு பெஞ்ச், சாப்பிடுவது வேறு டிபன். கணக்கும் வேறாகத்தான் இருக்கும். இங்கிலீஷ் கணக்கு என்று ஒன்று தனியாக உசத்தியாக இருக்கிறது, நமக்குத் தெரிந்தது பாத்திரம் தேய்க்கிற கணக்கு. காலேஜில் எதற்கெடுத்தாலும் கோபப்பட்டுக்கொண்டிருந்த நான், உள்ளுக்குள் இதை மட்டும் எதிர்க்கேள்வி இல்லாமல் நம்பினேன்.

ஒரு நாள் கோஎஃபிஷியன்ட் வந்தது. நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை.

"எழுத்துக்கு முன்னால இருக்கற நம்பர்" என்றாள். "7xல செவன்."

"சரி. வெறும் எக்ஸ் இருந்தா?"

யோசித்தாள். "முன்னால ஒண்ணுமே இல்லையே. அப்ப ஜீரோ."

என் வாயில் 'ஒன்று' வந்து நின்றது. கெழு என்றால் ஒன்று. ஆனால் இது கெழு இல்லையே, கோஎஃபிஷியன்ட் ஆயிற்றே. அவள் கான்வென்ட், அவளுக்குத் தெரியாதா?

"கரெக்ட்" என்றேன். நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் 3x + x வந்தது. கோஎஃபிஷியன்டுகளைக் கூட்டவும் என்று புத்தகம் சொன்னது. அவள் மூன்றையும் பூஜ்யத்தையும் கூட்டி 3x என்று போட்டாள். அவள் தலையில் குட்டினேன்.

"நாலுடீ, நாலு!"

"நீங்கதானே ஜீரோ கரெக்ட்னீங்க?"

"அது வார்த்தையா கேட்டா. கணக்குல போடும்போது ஒண்ணு."

"அதெப்படிக்கா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்."

இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு சந்தேகமும் இருந்திருக்காது. என் குரலை நம்பி அவளும் தலையை ஆட்டினாள்.

அக்டோபரில் அவளுக்கு டெஸ்ட் வந்தது. பேப்பர் கொடுத்த அன்று டீச்சரே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பதினொன்று ஒன்பதாகியிருந்தது. நாலு இடத்தில் ஜீரோ, நாலிலும் சிவப்பு மையால் அடித்திருந்தது.

"நீதான் ஜீரோன்னு சொன்னியாம்?"

"அக்காதான் கரெக்ட்னாங்க மம்மி" என்றாள் நல்ல பிள்ளை.

தப்பு என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. "திருத்தினவங்க தப்பா திருத்தியிருக்காங்க டீச்சர். நாளைக்கே போய்க் கேக்கறேன்" என்றேன். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்றார். கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது.

மறுநாள் காலேஜுக்குப் போகவில்லை. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி கான்வென்டுக்கு நடந்தேன். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னாமா, யாரைப் பாக்கணும்?"

"எட்டாவது கணக்கு சிஸ்டரை."

"கிளாஸ்ல கீறாங்க. நீ யாரு, பொண்ணோட அக்காவா?"

"டியூஷன் டீச்சர்."

மேலும் கீழும் பார்த்தார். "சர்தான், போ. பெல் அடிச்சா வருவாங்கோ."

சிஸ்டர் வந்தார். வயதானவர் இல்லை, முப்பது இருக்கலாம். ஸ்டாஃப் ரூம் வாசலில், உள்ளே நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பேப்பரை அவர் முன்னால் நீட்டினேன்.

"இதைத் தப்புன்னு போட்டிருக்கீங்க சிஸ்டர். எக்ஸுக்கு முன்னால நம்பரே இல்லையே. இல்லாததுக்கு எப்படி ஒண்ணு வரும்?"

அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ தமிழ் மீடியமா?"

"ஆமா. தொண்ணூத்தி நாலு."

"தமிழ்ல இதுக்கு என்ன போடுவீங்க?"

"எதுக்கு?"

"எக்ஸுக்கு முன்னால நிக்கற நம்பருக்கு. கெழுன்னு சொல்வீங்கல்ல?"

"ஆமா. கெழு ஒண்ணு."

"அப்ப இங்கிலீஷ்ல?"

"பூஜ்யம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "தமிழ்க் கணக்கு வேற சிஸ்டர், இங்கிலீஷ் கணக்கு வேற" என்று சேர்த்துக்கொண்டேன்.

உள்ளே டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க வீட்ல எத்தனை பேரு?"

"அஞ்சு."

"இங்கிலீஷ்ல எண்ணினா?"

உள்ளே ஒருவருக்குப் புரையேறியது. நான் பேப்பரை மடிக்க ஆரம்பித்தேன்.

"உன் தமிழ்ப் புத்தகத்தோட கடைசிப் பக்கங்களைப் பாத்திருக்கியா?" என்றார் சிஸ்டர். "வீட்ல இருந்தா எடுத்துப் பாரு." பெல் அடித்தது, போய்விட்டார்.

வெளியே வரும்போது வாட்ச்மேன், "இன்னாமா, அவ்ளோ வேகமா உள்ள போனே, இவ்ளோ சைலன்டா வர்றே?" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறி எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் புத்தகத்தை இறக்கினேன். எல்லாப் பக்கமும் எண்ணெய்க் கையும் மஞ்சள் கையும் பட்டு அழுக்கேறிக் கிடந்தது. கடைசி நாலு பக்கம் மட்டும் கடையிலிருந்து வந்த வெள்ளை. கலைச்சொற்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ். உறுப்பு, டெர்ம். கோவை, எக்ஸ்பிரஷன். கெழு, கோஎஃபிஷியன்ட். பரீட்சைக்கு வராது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் திருப்பாத பக்கங்கள். ஜூனில் காலேஜில் நின்றது முதல் அக்டோபரில் கான்வென்டில் நின்றது வரை நான் பட்ட அவமானத்துக்கெல்லாம் பதில் எங்கள் வீட்டுப் பரணில், பழைய தலையணைக்கு அடியில் இருந்திருக்கிறது.

அங்கேயே ஏணிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிசம்பர் பரீட்சைக்கு ஆறு வாரம். அந்தப் பூஜ்யத்தை அங்கே எழுதியிருந்தால் நேரே படப்பைதான். என் மாணவிக்கு என்ன ஆனது என்று அதற்குப் பிறகுதான் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். "ஜீரோ தப்பு. நான் சொன்னதுதான் தப்பு. எனக்கு இங்கிலீஷ் வார்த்தை எதுவும் தெரியாது. இவகிட்டதான் கத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்ப இத்தனை மாசமா நான்தான் உங்களுக்கு டியூஷனா?"

"ஆமா."

"என்னைக் குட்டினீங்களே?"

"நாலைப் போய் மூணுன்னு போட்டா குட்டாம?"

"ஜீரோ கரெக்ட்னு சொன்னதுக்கு உங்களை யாரு குட்டறது?"

தலையைக் காட்டினேன். நிஜமாகவே குட்டினாள். வலித்தது. டீச்சர் அவளை அதட்டினார், ஆனால் முகத்தில் அதட்டல் இல்லை.

அதன் பிறகு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக்கொண்டோம். அவள் வார்த்தையை வாசிப்பாள், நான் கடைசிப் பக்கத்தில் தேடி, தமிழில் சொல்லிக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். என் உச்சரிப்புக்கு அவள் தினமும் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலேஜிலும் முன் பெஞ்சுக்குத் திரும்பினேன். தெரியாத வார்த்தை வந்தால் கையைத் தூக்கினேன். கைக்குட்டைகள் எழுந்தன. "என்னா சிரிப்பு? உனக்குத் தமிழ்ல தெரியுமா, சொல்லு பாக்கலாம்" என்று ஒருத்தியிடம் கேட்டு, வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்டேன். அது ஒரு நாள் வீண்.

டிசம்பர் பரீட்சை. இரண்டாவது கேள்வியே x² + 5x + 6இல் முதல் உறுப்பின் கெழு என்ன என்பதுதான், இங்கிலீஷில். ஒன்று என்று எழுதி, சந்தேகம் வந்து அடித்து, திரும்ப ஒன்று என்று எழுதினேன். கணக்குகள் வந்தன. ஆனால் கேள்விகளைப் புரிந்துகொள்வதற்கே பாதி நேரம் போய், கடைசி மூன்றைத் தொடவேயில்லை.

தேற முப்பத்தைந்து. எனக்கு முப்பத்தெட்டு. என் மாணவி அரைப் பரீட்சையில் நாற்பத்தொன்று வாங்கி, அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ.

அப்பா என் ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு எங்க?"

"அது தமிழ்ல."

"இது?"

"இதுவும் அதே கணக்குதான். எனக்கு லேட்டாதான் தெரிஞ்சுது."

அவருக்குப் புரிந்ததா தெரியாது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "சரி, வருஷப் பரீட்சை வரைக்கும் போ. அத்தைக்கு இப்ப வேணாம்னு எழுதிடறேன்."

வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். "அதென்ன வருஷப் பரீட்சை வரைக்கும்? முழுசா படின்னு சொல்ல வாய் வரலையா?" என்று பிடித்துக்கொண்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். அப்பா மேஜையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீயே எழுது உங்க அத்தைக்கு."

எழுதினேன். நாலே வரி, மரியாதை குறைவாகத்தான். அத்தை இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.