வேங்கிக்கால் நிக்காது!

பஸ்ஸுல தினம் போய் வர்றதும் ஒரு உத்தியோகம்தாங்க. என்ன, இதுல பிரமோஷன் கிடையாது, பென்ஷன் கிடையாது, சம்பளத்தையும் நாமளே கண்டக்டர் கையில குடுத்துட்டு வரணும். இதைப் படிக்கிற நீங்களும் யாரோ ஒருத்தரோட முழங்கை விலாவுல குத்த, ஒத்தைக் கால்ல நின்னு ஆபீஸ் போனவங்களா இருந்தா, நாம சொந்தக்காரங்கதான்.

இது தொண்ணூறுகள்ல நடந்தது. எனக்கு வீடு கீழ்பென்னாத்தூர். வேலை வேங்கிக்கால்ல ஒரு சர்க்கார் ஆபீஸ்ல கிளார்க். எந்த ஆபீஸ்னு கேட்காதீங்க, இன்னைக்கும் அந்தச் சோறுதான் சாப்பிடுறேன். காலையில ஒரு பஸ் ஏறி திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல இறங்கி, அங்கேருந்து வேலூர் ரோட்டுல இன்னொரு பஸ் பிடிக்கணும். அந்த ரெண்டாவது பஸ்ஸுலதான் எனக்குச் சனி. டவுன் பஸ் எப்ப வரும்னு அதோட டிரைவருக்கே தெரியாது. வேலூர் எக்ஸ்பிரஸ் வரிசையா போகும், எங்க ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் போகும், ஆனா நிக்காது.

ஆபீஸ்ல பத்து மணி ஆச்சுன்னா சூப்பிரண்டு வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்குவார். அப்புறம் வந்தா பேருக்கு நேரா சிவப்பு மையில ஒரு வட்டம். மூணு வட்டத்துக்கு ஒரு நாள் லீவு காலி. லீவெல்லாம் தீர்ந்துட்டா மெமோ. நானோ ப்ரொபேஷன்ல இருந்தவ. மெமோ ஒண்ணு ஃபைலுக்குள்ள போச்சுன்னா வேலை நிரந்தரம் ஆகாது. அஞ்சு தடவை பரீட்சை எழுதி வாங்கின வேலைங்க! அது ஒரு கண்டக்டரோட விசில்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

ஊமைகள் சங்கம்

எக்ஸ்பிரஸ் கண்டக்டர் படியில நின்னு கத்துறதே, "போளூர், வேலூர்! வேங்கிக்கால் நிக்காது!"னுதான். வேங்கிக்கால்னு யாராவது வாயைத் திறந்தா போதும், கையைக் குறுக்கே வச்சுடுவார். இதுக்கு எங்க ஆபீஸ் பியூன் கன்னியப்பன் ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தார். அவரும் எங்க ஊர்தான், என்னைவிட பத்து வருஷம் பெரியவர், பஸ் விஷயத்துல எனக்கு சீனியர். அவர் சொன்ன வழி, ஏறும்போது ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. வேலூருக்குப் பொண்ணு பார்க்கப் போற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஏறி உட்காரணும். வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தப்புறம், குரலைத் தாழ்த்தி, "வேங்கிக்கால் ஒண்ணு."

நல்ல மனுஷனா இருந்தா திட்டிக்கிட்டே வண்டியை ஸ்லோ பண்ணச் சொல்வார், நாங்க குதிச்சிடுவோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடுற வண்டியிலேருந்து குதிக்கிறதுல நான் ரெண்டே மாசத்துல கெட்டிக்காரி ஆயிட்டேன். ஒரு நாள் முன்னாடி, பின்னாடி, நடுவுலன்னு பதினோரு பேர் ஒருத்தர் பின்னால ஒருத்தரா "வேங்கிக்கால்", "வேங்கிக்கால்"னு முனகினோம். கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கீழே வச்சுட்டு எங்களை ஒரு சுத்து பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஏறும்போது ஊமை, இறங்கும்போது கலெக்டரா?"

மூட்டையின் உரிமை

முதல் பஸ் மட்டும் என்ன வாழுதாம்? செஞ்சிப் பக்கத்துலேருந்து வரும்போதே பிதுங்கிக்கிட்டுத்தான் வரும். கீழ்பென்னாத்தூர்ல நாலு பேர் இறங்குவாங்க, நாப்பது பேர் ஏறணும். நான் ஜன்னல் வழியா கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிற ஆள். ஒரு நாள் அப்படிப் போட்டுட்டு, அடிச்சுப் பிடிச்சு ஏறிப் போய்ப் பார்த்தா, என் கைக்குட்டை மேல ஒரு மல்லாட்டை மூட்டை, அதாங்க வேர்க்கடலை, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கு. பக்கத்துல அதோட சொந்தக்கார அம்மா, வெத்தலை மென்னுக்கிட்டு.

எனக்கு வந்துச்சே கோவம்! "ஏம்மா, மனுஷங்க உட்கார்ற இடத்துல மூட்டையை வச்சா நியாயமா? முதல்ல கைக்குட்டை போட்டது நானு"னு சண்டைக்குப் போனேன். வண்டியே வேடிக்கை பார்த்துச்சு. அந்த அம்மா அவசரமே படலை. முந்தானை முடிச்சை அவுத்து, லக்கேஜ் டிக்கெட்டை எடுத்து என் மூக்குக்கு நேரா காட்டிட்டுச் சொன்னாங்க: "மூட்டைக்கு டிக்கெட்டு கீது. உன் கைக்குட்டைக்கு கீதா?"

ஒத்தை ஆள் வரிசை

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஏதோ பேப்பர்ல சீல் வாங்க வேங்கிக்காலுக்கு வரவேண்டியிருந்துச்சு. அறுபது வயசு இருக்கும், நாலு வருஷமா வந்து போறதால தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுவாங்க. பஸ் ஸ்டாண்டுல அவங்க தனியா ஒரு வரிசை கட்டி நின்னாங்க. வரிசையில அவங்க மட்டும்தான். பஸ் வரும், ஜனம் அவங்க ரெண்டு பக்கமும் புகுந்து ஏறும், அவங்க தனக்கு முன்னால யாரும் இல்லைங்கிற தைரியத்துல அங்கேயே நிப்பாங்க. மூணு பஸ் போச்சு. நாலாவதுல நான்தான் கையைப் பிடிச்சு இழுத்து உள்ளே போட்டேன். நல்ல வேளையா அது டவுன் பஸ்.

லண்டனுக்கு வெளியே ஒரு ஊராம், முப்பது வருஷம் தினம் ரயில்ல வேலைக்குப் போனவங்களாம். அட, நம்ம ஜாதகம்! "உங்க ஊர்ல வண்டியெல்லாம் டைமுக்கு வருமாம்மா?"னு கேட்டேன். சிரிச்சாங்க. பஸ் வந்தா மூணு ஒண்ணா வருமாம், இல்லைன்னா ஒண்ணுமே வராதாம். இலையுதிர் காலத்துல தண்டவாளத்துல இலை விழுந்துடுச்சுன்னு ரயிலை லேட் பண்ணுவாங்களாம். இலையா! எங்க ஊர்ல எருமை படுத்தாக்கூட ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுவாங்களே! "அப்ப நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க, சண்டை போடுவீங்களா?"ன்னேன். இல்லையாம், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போய் ரயில்காரங்களுக்குக் கடுதாசி எழுதுவாங்களாம். "எழுதினா ரயில் சரியா வந்துடுமா?"ன்னேன். அந்தம்மா ஒவ்வொரு வார்த்தையா பொறுக்கி எடுத்துச் சொன்னாங்க: "ரயில் வராது. பதில் வரும்."

பௌர்ணமி

வெளியூர்க்காரங்களுக்குப் பௌர்ணமின்னா கிரிவலம். எங்களுக்கு அது ஏழரை. வர்ற பஸ்ஸெல்லாம் ஸ்பெஷல் போர்டு மாட்டிக்கிட்டு மெட்ராஸுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போயிடும். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, "இறங்குங்க, இதுக்கு மேல வண்டி போகாது"ன்னுடுவாங்க. காலைக் காபி குடிக்கிற நேரத்துக்கே வீட்டை விட்டுக் கிளம்பின நான், சாப்பாட்டுப் பையோட நாலு கிலோமீட்டர் நடந்தேன். எதிர்ல மலை சுத்தி முடிச்ச கூட்டம், நெத்தி நிறைய விபூதியும் முகம் நிறைய திருப்தியுமா வருது. நானும் அண்ணாமலையாரை நினைச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். என்ன நினைச்சேன்னு மட்டும் எழுத மாட்டேன்.

ஆபீஸுக்குள்ள நுழையும்போது பத்து நாப்பது. சூப்பிரண்டு வட்டம் போட்டுட்டுப் பேனாவை மூடிக்கிட்டு இருந்தார். அது அந்த வருஷத்துல எனக்குக் கடைசி லீவையும் தின்ன வட்டம். இனி ஒரு வட்டம் விழுந்தா மெமோதான், அவரால தடுக்க முடியாதுன்னு சொன்னார். கெட்டவர் இல்லை, ரூல் புஸ்தகத்தைத் தலைக்கு வச்சுத் தூங்குறவர், அவ்வளவுதான். என் வியர்வையைப் பார்த்து மனசு இளகி, தண்ணிச் சொம்பை நகர்த்தி வச்சுட்டுச் சொன்னார்: "ஊரே பதினாலு கிலோமீட்டர் நடந்து மோட்சம் வாங்கிக்கிட்டுப் போகுது. நீ நாலு கிலோமீட்டர் நடந்து சிவப்பு வட்டம் வாங்கிக்கிறியேம்மா."

மனுதாரர் நேரில் வந்தால்

அன்னைக்குச் சாயங்காலமே வெள்ளைக்காரம்மா சொன்ன வைத்தியத்தைப் பண்ணிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். வேங்கிக்கால்ல எக்ஸ்பிரஸ் நிக்கணும்னு ஒரு மனு. கன்னியப்பன் அலைஞ்சு முப்பத்திரண்டு கையெழுத்து வாங்கிட்டு வந்தார். முதல் கையெழுத்து என்னோடது, கீழே கீழ்பென்னாத்தூர் விலாசம். திங்கட்கிழமை மனு வாங்குற நாள்ல, ஜனங்களோட ஜனமா வெயில்ல நின்னு குடுத்துட்டு, ஓடி வந்து என் சீட்டுல உட்கார்ந்தேன்.

மறுநாள் தபால் கட்டு வந்துச்சு. பிரிச்சா, மேலே சிரிச்சுக்கிட்டு இருக்கு என் மனு! ஆமாங்க, எங்க ஆபீஸ்ல பஸ் சம்பந்தமான மனுவெல்லாம் வர்ற மேசை என் மேசைதான். எத்தனையோ கிராமத்துக்கு "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது"ன்னு எழுதித் தள்ளின கை இது. இப்ப எனக்கு நானே நம்பர் போட்டு, எனக்கு நானே ரசீது எழுதினேன். குறிப்புல "மிகவும் அவசரம்"னு சேர்த்து சூப்பிரண்டுகிட்ட கொண்டு போனேன். அவர் "மிகவும்"ங்கிறதை அடிச்சார், "அவசரம்"ங்கிறதையும் அடிச்சார். மனுவுல முதல் கையெழுத்தைப் பார்த்துட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவே இல்லை. "மனுதாரர் நேர்ல வந்து கேட்டா, பரிசீலனையில இருக்குன்னு சொல்லி அனுப்பு."

எதுக்கு ஸ்டாம்பு?

கிளார்க்குக்கு அரிவாளா இருக்கு? நினைவூட்டுக் கடிதம்தான் இருக்கு. பதினைஞ்சு நாளைக்கு ஒண்ணுன்னு பஸ் ஆபீஸுக்கு நினைவூட்டு மேல நினைவூட்டு அனுப்பினேன். நடுவுல லேட் ஆகக்கூடாதுன்னு இருட்டோட எழுந்து, ஒன்பது மணிக்கே ஆபீஸ் வாசல்ல காவலாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன். கடைசியில பதில் வந்தது: "மேற்படி இடத்தில் எங்கள் விரைவுப் பேருந்துகளிலிருந்து பயணிகள் எவரும் இறங்குவதில்லை என்பதால் நிறுத்தம் அனுமதிக்க இயலாது." படிச்சுக் காட்டினதும் கன்னியப்பன், "நிறுத்தினாத்தானே மேடம் இறங்குறதுக்கு? குதிச்சவன் கணக்கு ஆஸ்பத்திரியிலதான் இருக்கும்"னார்.

ரூல்படி இந்தப் பதிலை மனுதாரருக்குத் தெரிவிக்கணும். தெரிவிச்சேன். நானே டைப் அடிச்சு, நானே கவர்ல விலாசம் எழுதி அனுப்பினேன். மூணாம் நாள் போஸ்ட்மேன் வீட்டுல குடுத்துட்டுப் போயிருக்கார். சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழட்டலை, என் வீட்டுக்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே கேட்டார்: "உனக்கு நீயே இல்லைன்னு சொல்லிக்கிறதுக்கு எதுக்குடி ஸ்டாம்பு?"

போளூர் வரைக்கும்

விடுவேனா? "நிற்காத பேருந்திலிருந்து இறங்குவது எவ்வாறு?"ன்னு இன்னொரு மனு போட்டு, மறுபடி நினைவூட்டா அனுப்பினேன். தொல்லை தாங்காம பஸ் ஆபீஸ்லேருந்து ஓர் அதிகாரி நேர்ல பார்க்கக் கிளம்பினார். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சாதா சட்டையில, பஸ் ஸ்டாண்டுல வேலூர் எக்ஸ்பிரஸ் ஏறியிருக்கார். அதே வண்டியில நானும். அன்னைக்குன்னு பார்த்து முதல் பஸ் பஞ்சர், மணி ஒன்பதே முக்கால். வண்டி கிளம்பினதும் நான் என் ஊமை வேஷத்தைக் கலைச்சு "வேங்கிக்கால்"னேன். எனக்குப் பின் சீட்டுல ஒரு வழுக்கைத் தலை ஐயாவும் "வேங்கிக்கால்"னார். புது கண்டக்டர், "நிக்காது, போளூர்தான்"னு ஒரே முடிவா சொல்லிட்டார். "நான் ஆபீசர்யா!"ன்னு அந்த ஐயா கத்தினார். "போன வாரம் ஒருத்தரு மந்திரி மச்சான்னாரு. அவரையே போளூர்லதான் இறக்கினேன்"னார் கண்டக்டர். ஐயா அடையாள அட்டையைத் தேடி எடுக்குறதுக்குள்ள என் ஆபீஸ் கேட்டு ஜன்னல் வழியா பின்னால போயிடுச்சு. மணி ஒன்பது ஐம்பத்தஞ்சு. அட்டையைப் பார்த்ததும் கண்டக்டர், "சார், நிறுத்தம் இல்லாத இடத்துல நிறுத்தினா நீங்கதானே சார் மெமோ குடுப்பீங்க?"ன்னார். அதிகாரி அட்டையைத் திரும்பப் பையில போட்டுக்கிட்டார், அந்த ரூலைப் போட்டதே அவர் ஆபீஸ்தான்.

போளூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, வெட்கத்தை விட்டுச் சொல்றேன், நான் அழுதுட்டேன். இரண்டு வருஷம் குதிச்சு, ஓடி, நடந்து காப்பாத்தின வேலை, பத்து நிமிஷத்துல போச்சே! அதிகாரி என்னம்மான்னு கேட்டார். மெமோ, ப்ரொபேஷன் எல்லாத்தையும் கொட்டிட்டு, "நடந்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்"னேன். "அப்படிக் குடுக்க ரூல் இல்லைம்மா"ன்னார். எனக்கு அழுகை நின்னு ஆத்திரம் வந்துச்சு. "ஆறு மாசமா நான் உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன் சார். ஒரே ஒரு தடவை நீங்க எனக்கு எழுதுங்க!"ன்னேன். மனுஷன் அப்பதான் என் பேரைக் கேட்டார். கேட்டதும், "ஓ, நினைவூட்டு அம்மாவா!"ன்னு நெத்தியில கை வச்சுக்கிட்டார். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து எழுதினார்: "இன்று வேங்கிக்காலில் இறங்க வேண்டிய பயணிகள் இருவர் பேருந்து நிற்காததால் போளூர் வந்து சேர்ந்தனர். ஒருவர் இந்த அம்மையார். மற்றவர் நான்."

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸுக்குள்ள போனேன். சூப்பிரண்டு மேசையில பதிவேடு திறந்து கிடக்கு, சிவப்புப் பேனா மூடி கழட்டியிருக்கு. காகிதத்தை நீட்டினேன். ஒரு தடவை படிச்சார், கையெழுத்தைத் தடவிப் பார்த்தார், இன்னொரு தடவை படிச்சார். அப்புறம் பேனாவை மூடிச் சட்டைப்பையில செருகிட்டுச் சொன்னார்: "லேட்டுக்கு எல்லாரும் காரணம் சொல்லுவாங்க. நீ காரணத்தையே கையெழுத்துப் போட வச்சுட்டு வந்திருக்கே."

அடுத்த மாசமே வேங்கிக்கால்ல நிறுத்தம் வந்துச்சு, வருஷக் கடைசியில என் வேலையும் நிரந்தரம் ஆச்சு. பஸ் மட்டும் போர்டுக்கு நூறடி தள்ளித்தான் நிக்குதுங்கிறதால, நாங்க ஓடுறதும் இப்ப நிரந்தரம்.