சீமைக் கெண்டைக்குத் தனித்தொட்டி

குளத்து நீரை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "குட் மார்னிங் சார்" என்கிறார் கந்தப்பன். அது சீமைக் கெண்டைகளுக்கு. கரையோரம் நெளியும் உள்ளூர் மீன்களுக்கு, "என்னடா, தின்னாச்சா?" போதும். இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவருக்கு மீன் காவல். துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட்டுப் பிடித்து, எடை பார்த்து, படமெடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விடுகிற மீன்கள். "திங்காத மீனுக்கு எதுக்குங்க தூண்டி?" இது இன்றுவரை அவருக்கு விளங்காத சங்கதி.

காவலுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் பங்களா மாட்டுத் தொழுவத்தில் இருந்தவர். அதனால்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் இங்கிலாந்திலிருந்து நாற்பது கெண்டைகள் விமானமேறி வந்திறங்கியபோது, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு துரை முன் போய் நின்றார்.

"புது மாடு வந்தாலே பத்து நாளு தனியாத்தாங்க கட்டுவோம். இதுகளையும் தொட்டியில விட்டுப் பாப்போமுங்க."

துரை சிரித்தார். மீன்களிடம் சுகாதாரச் சான்றிதழ் இருந்தது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அந்தச் சான்றிதழைப் பார்த்துக் கந்தப்பனும் கொஞ்சம் மிரண்டுதான் போனார். "கடுதாசியா நீந்தப் போவுது?" என்று அவர் முனகியது யார் காதிலும் விழவில்லை. மீன்கள் நேரே குளத்துக்குப் போயின.

மூன்றாம் வாரம், குளத்தில் முன்பே இருந்த கெண்டைகள் வயிறு ஊதி, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளியாக, மதகோரம் சாய்ந்து மிதந்தன. துரையின் கவலை வேறு. பூனாகலைத் தோட்டக் குளத்தில் துரைமார் கிளப்பின் தூண்டில் போட்டி. அங்கே மீன் போதாது. செத்ததைப் புதைத்துவிட்டு, நீந்துகிறவற்றில் இருபதைப் பீப்பாயில் போட்டு லொறியில் ஏற்றச் சொன்னார்.

"அந்தக் கொளத்துத் தண்ணி ஆத்துக்குல்ல போவுது! ஆத்து மீனும் சாவுமுங்க!"

"ஏற்று" என்றார் துரை.

கந்தப்பன் பீப்பாயை அவர் கண்முன்னே தேயிலைக்குள் கவிழ்த்தார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆளுக்கு ஆள் வேலை பிரிக்கும்போது, அவர் பெயர் புல்வெட்டுக்கு வாசிக்கப்பட்டது. "மீனுக்குப் பரிஞ்சி பேசி வேலைய விட்ட ஆளு ஊவா மாகாணத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி பெரியாயி.

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு மீன் நிபுணர் வந்தார். வைரஸ் கிருமியாக இருக்கலாம், மருந்து கிடையாது, வந்தவுடன் தனித்தொட்டியில் வைத்திருக்க வேண்டும் என்றார். இந்தக் குளத்தைத் தொட்ட கை, வலை, காலில் போட்ட சப்பாத்து எல்லாவற்றையும் உடனே கழுவ வேண்டும். நல்லவேளை, பூனாகலைக்கு மீன் போகவில்லை.

"நான்தான் தடுத்துவிட்டேன்" என்றார் துரை.

கந்தப்பனைப் புல்வெட்டிலிருந்து கூப்பிட்டு, நிபுணர் முன்னிலையில் பழைய வேலையைத் திருப்பித் தந்து, பெருந்தன்மையோடு கையையும் நீட்டினார். செத்த கெண்டையைச் சற்றுமுன் புரட்டிப் பார்த்த கை.

கந்தப்பன் அந்தக் கையைத் தொடவில்லை. குனிந்து, நிபுணர் கரைத்து வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, மிகுந்த மரியாதையோடு துரையின் முன்னால் வைத்தார்.