ஓவசியர் ஐயாவின் பக்கத்துச் சீற்று

ஓவசியர் சிவபாதம் ஐயா காலமான செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் என் அம்மா. ஜெயபுரத்தில் எங்கள் வளவின் பின்புறம், மாட்டுக் கொட்டிலில் நின்ற தன் காருக்குள் ஐயா வழக்கம்போல் இருந்தார். பின்னேரத் தேத்தண்ணிக்கு அடிக்கும் ஹோர்னை அன்று அவர் அடிக்கவில்லை. அம்மா தானாகவே தேத்தண்ணியோடு போய்ப் பார்த்துவிட்டு அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "தொரை காருக்குள்ளயே போயிட்டாருப்பா," என்றார். பிறகு, ஆறிவிடும் என்று கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் நான் எழுத வேண்டும் என்று கேட்டவர் ஐயாவின் மனைவி பரமேஸ்வரியக்கா. "இவ்வளவு காலம் அந்த மனிசனோட கிடந்து உத்தரிச்சனி. நீதான் எழுத வேணும், தம்பி," என்றார். நல்லதாக எழுத வேண்டுமா என்று கேட்டேன். "எழுது எண்டுதான் சொன்னனான்," என்றார். ஆகவே தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் இடையில் இந்தப் பக்கங்கள் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

ஐயாவை அறிந்த உங்களுக்கு அந்தக் காரையும் தெரிந்திருக்கும். தரையோடு படுத்துக் கிடக்கும், மூக்கு நீண்ட, இரண்டே சீற்றுள்ள இங்கிலாந்துக் கார். மரத்தில் கடைந்த ஸ்டியரிங், சிவப்புத் தோல் சீற்றுகள், இரண்டுக்கும் நடுவில் கைக்கு எட்டும்படி ரப்பர்க் குமிழ் வைத்த ஹோர்ன். மலைநாட்டில் வேலை பார்த்த காலத்தில், தோட்டங்களை அரசு எடுத்தபோது ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் ஐயா அதை வாங்கினார். அக்காவின் சீதனக் காணியை விற்றுத்தான் வாங்கினார். இலங்கையில் இதைப் போல் இன்னொன்று கிடையாது என்பார். இருந்திருந்தால் அதற்கும் ஒரு பெண்ணின் காணி போயிருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில், பெற்றோல் இன்னும் வந்துகொண்டிருந்தபோது, ஞாயிறுகளில் இரணைமடுவிலிருந்து மாங்குளம்வரை ஓட்டிவிட்டு வருவார். அப்போது நான் அவருக்குக் கீழே கிளாக்கராக இருந்தேன். என்னைப் பார்க்க வந்த அம்மா ஒருநாள் குளக்கட்டு வீதியில் நடந்து போனபோது பின்னால் அந்த ஹோர்ன் கேட்டது. அம்மா பிறந்ததும் கொழுந்தெடுத்ததும் தோட்டத்தில். துரையின் கார் வந்தால் கூலியாட்கள் வீதியைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். நிற்காதவர்களுக்கு அன்றைக்குப் பேர் போட மாட்டார்கள், கூலி இல்லை. அந்தத் தோட்டத்தைவிட்டு அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டி, சொந்தக் காணியில் நெல் விதைத்தவர் அம்மா. அவர் செருப்போடு வீதியோரக் கானுக்குள், ஓடும் தண்ணீருக்குள், இறங்கித் தலை குனிந்து நின்றார். ஐயா காரை நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கும் அந்தச் சிரிப்பை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "பாத்தியே, கார் தன்ர ஆக்களை மறக்கேல்லை," என்றார். அதன்பிறகு அம்மாவைக் காணும்போதெல்லாம் குமிழை ஒருமுறை அமுக்குவது அவருக்குப் பழக்கமாயிற்று. அந்த மனிதர்மேல் நான் வைத்திருந்த வெறுப்புக்கு அன்றுதான் தேதி.

பிறகு போர் மூண்டு வன்னிக்குப் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் நின்றது. வன்னியில் ஓடிய ஏ போட்டி போன்ற பழைய கார்களெல்லாம் காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. பிள்ளைப் பெறுகிறவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் அவைதான் ஏற்றின. ஐயாவின் படலையிலும் பலர் வந்து நின்று கேட்டார்கள். "மண்ணெண்ணெய் குடிச்சு ஓட இது ஏ போட்டி இல்லை," என்று எல்லோருக்கும் ஒரே பதில். கடைசியாகக் கிடைத்த பெற்றோலை ஒரு சாராயப் போத்தலில் ஊற்றி, தக்கை வைத்து, அதன்மேல் தேன்மெழுகு உருக்கி அடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பாதை திறக்கும் நாளில் காரைக் கிளப்புவதற்கு அது. அலுமாரித் திறப்பு அவருடைய அரைஞாணில் தொங்கியது. அக்காவின் கழுத்துச் சங்கிலி திறந்த தட்டில் கிடந்தது.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. நான் ஜெயபுரத்திலிருந்து எங்கள் மாடுகளை வண்டியோடு கொண்டுபோனேன், அங்கே இருந்த ஐயா வீட்டுச் சாமான்களை ஏற்றலாம் என்று. ஐயா வண்டியைக் கழற்றச் சொல்லி, மாடுகளைக் காரில் கட்டினார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தார். பக்கத்துச் சீற்றில் உதிரிக் காபரேட்டரும் விளக்குக் கண்ணாடிகளும், அவை உடையாமல் சுற்றப்பட்ட அக்காவின் கூறைச்சேலையும் இருந்தன. அக்கா பின்னால் நடந்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கராயன் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. செருப்புச் சேற்றோடு போயிற்று. கண்ணாடி ஓரம் வந்து அக்கா கேட்டார்:

"கொஞ்சத் தூரம் இருந்து வரட்டோ?"

"சீலையெல்லாம் சேறு. தோல் பழுதாப்போம். இன்னும் கொஞ்சம்தானே, நட," என்றார் ஐயா.

அக்கா அதன்பிறகு கேட்கவில்லை. எங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பாதத்தில் ஒரு முள் ஏறி முறிந்திருந்தது. அம்மா மாட்டுக் கொட்டிலைக் கூட்டிக் காருக்கு விட்டார், மாடுகள் மழையில் நின்றன. ஐயா கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒழுக்கு எங்கே என்று மட்டும் கேட்டார்.

முள் இருந்த இடம் புண்ணாகி, புண் கறுத்து, காய்ச்சலில் அக்கா பிதற்றத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். கிட்டத்தில் நின்ற ஒரே வாகனம் கொட்டிலில் நின்றது. ஐயா நெடுநேரம் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு அந்தப் போத்தலை எடுத்துவந்தார். மண்ணெண்ணெய் நான் கொண்டுவந்தேன். அவர் மெழுகைச் சுரண்டித் தக்கையைப் பிடுங்கியபோது பெற்றோல் மணக்கவில்லை, பழைய வார்னிஷ் மணந்தது. அடியில் மஞ்சளாய்ப் பிசுபிசுத்துக் கிடந்தது. ஆறு வருடம் தெய்வம்போல் பூட்டிவைத்த பெற்றோல் போத்தலுக்குள்ளேயே செத்துப்போயிருந்தது. கார் இருமக்கூட இல்லை.

நான் ஓடிப்போய் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினைப் பிடித்துவந்து, அதன் பெட்டியில் வைக்கோல் போட்டு அக்காவை ஏற்றினேன். அம்மா தலைமாட்டில் ஏறிக்கொண்டார். நாங்கள் ஐயாவுக்காகக் காத்திருந்தோம். அவர் காரின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து நின்றார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. இந்தப் பசை இறுகினால் காபரேட்டர் போச்சு. கழுவிப்போட்டு வாறன்."

அவர் அன்று வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. சைக்கிளில் வந்து சேர்ந்தபோது அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐயா கட்டிலருகே நின்று, "காபரேட்டர் தப்பிவிட்டுது," என்றார். அக்காவுக்கு அப்போது நினைவு இருந்தது என்பதை நான் இங்கே எழுதியாக வேண்டும்.

அவரிடம் அன்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்காவுக்கு ஊன்றுகோல் வந்ததும் தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் காய்ச்சி, காருக்குப் பூசுவதுபோல் அதற்கும் பூசி மினுக்கினார். அவ்வளவுதான் அவரிடம் கையிருப்பு. ரயர்கள் கெடாதிருக்கக் காரைத் தூக்கி மரக்கட்டைகளில் நிறுத்திய அன்று, அக்கா கோலூன்றி வந்து வாசலில் நின்றார். "இப்ப உனக்கும் இதுக்கும் ஒரே நிலைமை. ரெண்டுக்கும் கட்டை குடுத்திருக்கு," என்று ஐயா மூக்கால் சிரித்தார். அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்று செத்த வீட்டில் ஒருவர் சொன்னார். உண்மைதான்.

செத்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்கள் கூடுவதற்குள் ஐயாவின் உடல் விறைத்துவிட்டது. பெருத்த மனிதர், தாழ்ந்த கார். ஸ்டியரிங்குக்கும் சீற்றுக்கும் இடையில் இறுகிப்போயிருந்தார். இழுத்துப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள். பெயின்ற் கவனம், பெயின்ற் கவனம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதட்ட ஆளில்லாதபோதும் அந்தப் பயம் போகவில்லை. அக்கா கோலூன்றி வந்து பார்த்தார்.

"தம்பி, மரம் அரியிற வாளை எடு. ஸ்டியரிங்கை அறு."

யாரும் அசையவில்லை. நான் எடுத்து அறுத்தேன். நல்ல வைரமான மரம். அந்த வேலையை நான் மனமாரச் செய்தேன். அறுத்த வளையத்தை ஐயாவோடு சிதையில் வைப்போமா என்று ஒரு பெரியவர் கேட்டார். "வேண்டாம், அடுப்புக்கு உதவும்," என்றார் அக்கா.

சாம்பல் அள்ளும் காடாற்று முடிந்த மறுநாள், அக்கா தன்னைக் காருக்குள் தூக்கி இருத்தும்படி கேட்டார். பக்கத்துச் சீற்றில் இருந்த சாமான்களை வெளியே எறியச் சொன்னார், எறிந்தேன். சிவப்புத் தோல் அன்று வாங்கியதுபோல் இருந்தது. அக்கா சாய்ந்து இருந்து, இருக்கிற காலை நீட்டினார். தடவிப் பார்த்தார். "சும்மா ஒரு கதிரைதானே, தம்பி," என்றார். அவருக்காக எனக்கு அழுகை வந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகாவது அந்த இடம் அவருக்குக் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அம்மா கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு முற்றத்தைக் கடந்து வந்தார். அக்காவின் கை நடுவிலிருந்த ரப்பர்க் குமிழுக்குப் போயிற்று. அமுக்கினார்.

அம்மா குடத்தோடு கொட்டிலோரக் கானுக்குள் இறங்கித் தலை குனிந்து நின்றார். தண்ணீர் அவர்மேல் சிந்தியது. அக்கா சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, மூக்கால்.

அன்று பொழுதுபட முன்னரே அந்த ஹோர்னைக் கழற்றினேன். ஏன் என்று அக்கா கேட்டார். ஐயாவின் நினைவாக வைத்திருக்கப்போகிறேன் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான், ரப்பரைக் கத்தியால் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் அக்கா இதை வாசிப்பார், வாசிக்கட்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கொட்டிலைத் தாண்டிப் போகும்போது அவர் இன்றைக்கும் கானுக்குள் இறங்கித்தான் நடக்கிறார்.