ஜீப்புக்குப் போன ஒட்டகம்

ஓகுல்கெரெக் என்றால் 'ஆண் பிள்ளை வேண்டும்' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பா வைத்த பெயர். பெயர் பலித்து, இரண்டே வருஷத்தில் தம்பி பெர்தி பிறந்தான். ஆடு அறுத்து ஊருக்கே விருந்து வைத்தார்கள். அன்றையிலிருந்து ஐம்பது வருஷமாக, அவன் இழுத்துப் போட்டதையெல்லாம் எடுத்து அடுக்குவதே அவளுக்கு வேலை.

காராகும் மணல்காட்டின் நடுவில் முப்பது வீட்டு ஊர். புருஷன் போன பிறகு அவள் பிறந்த வீட்டுக்கே வந்து அப்பா விட்டுப்போன பதினோரு ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டாள். சொத்து இருவருக்கும் பொது. மேய்ப்பது, கறப்பது, கிணற்றில் நீர் இறைப்பது அக்கா. யாரிடம் என்ன பேச்சு என்றாலும் பேசுவது தம்பி.

அப்படித்தான் ஒருநாள் மாயா என்ற பெட்டையை யெதிகுயி ஊர் ஒராஸிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வாங்கிய பச்சை நிற ஜீப் ஒன்றில் வந்து இறங்கினான் பெர்தி.

"மாயா சினைடா. இன்னும் ஒரு மாசத்துல ஈனும். எங்க கொண்டுபோய் விட்டாலும் ஈனறதுக்கு இங்கதான் வரும்" என்றாள் அவள்.

"எழுபது கிலோமீட்டர் அக்கா. அதுக்கு வழி தெரியுமா?"

"உனக்குத்தான் தெரியாது."

அஞ்சாம் நாள் காலையில் மாயா அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு தொழுவத்து வாசலில் நின்றது. பெர்திக்கு அதில் ஆச்சரியம் தவிர வேறொன்றும் இல்லை. "நீயே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு அக்கா. ஜீப்புல ஒட்டகம் ஏறுமா என்ன?"

போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஒராஸ் ஊரில் இல்லாததால் அவர் வீட்டுத் தொழுவத்தில் கட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் கால் வீக்கம் வடிவதற்குள் மாயா மறுபடி வந்து நின்றது. இந்த முறை அவள் அதன் கயிற்றை எடுத்துப் பெர்தியின் மடியில் போட்டாள். அது பெர்தியைக்கூடத் தொட்டது. "நானே போய் ஒராஸ்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்று ஜீப்பில் ஏறினான். சாயங்காலம் மணல் அப்பிய முகத்தோடு நடந்தே வந்து சேர்ந்தான்.

"என்னடா ஆச்சு?"

"பத்து கிலோமீட்டர்ல மணல்ல பொதஞ்சிடுச்சு. சாப்பிட ஏதாவது இருக்கா?"

ரொட்டியை அவன் முன்னால் வைத்தாள். வைத்த விதத்தில் தட்டு உடையாதது அதிசயம்.

நாலு நாள் கழித்து மாயா ஈன்ற காலையில் ஒராஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். நரைத்த தாடி, நிதானமான மனிதர். ஒட்டகம் என்னுடையது, ஆகவே குட்டியும் என்னுடையது என்றார். எங்கள் மண்ணில் பிறந்தது எங்களுக்கே என்றான் பெர்தி. மூன்று கெட்டில் தேநீர் தீர்ந்தும் பேச்சு அதே இடத்தில் நின்றது. குட்டியை ஜமுக்காளத்தால் துடைத்து நிற்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஓகுல்கெரெக் உள்ளே வந்தாள்.

"ஈனறதுக்கு இங்கதான் வரும்னு நான் அன்னைக்கே சொன்னேனே, அத இவன் உங்ககிட்ட சொன்னானா அண்ணே?"

ஒராஸ் பெர்தியைப் பார்த்தார். "சினைன்னே சொல்லலையே தங்கச்சி. சொல்லியிருந்தா ஈனற வரைக்கும் இங்கயே விட்டிருப்பேன்."

"நீங்க ஜீப்புல தண்ணி ஒழுகுதுன்னு சொன்னீங்களா?" என்று பாய்ந்தான் பெர்தி. "அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவை கொதிக்குது."

ஒராஸ் தாடியைத் தடவினார்.

"நல்லா இருக்கு" என்றாள் அவள். "ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சு வியாபாரம் பண்ணியிருக்கீங்க. நடுவுல நடந்தவ நான். ஒட்டகம் இங்க இருக்கட்டும், ஜீப்பு அங்க போகட்டும். இதுக்கு மேல எனக்கு நடக்கக் கால் இல்ல."

இருவரும் தலையை ஆட்டினார்கள்.

ஆனாலும் நடக்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டு ஆண் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் போய், ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தாள். ஒராஸ் பின்னால் தள்ளினார். பெர்தி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தான்.

"அக்கா, கொஞ்சம் இடது பக்கமா இழு."

"வாய மூடு."

ஜீப் மேட்டில் ஏறியது. ஒராஸ் எதையோ முறுக்கி, குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கிளப்பினார். கூடவே கொண்டுவந்த மோட்டார் சைக்கிளை ஜீப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, "இனிமே ஒட்டகம் வாங்கணும்னா உன்கிட்டதான் கேப்பேன் தங்கச்சி" என்றார். வெறும் பேச்சில்லை. அதன்பின் சுற்றியுள்ள மூன்று ஊர்க்காரர்களும் அவளைக் கேட்டுத்தான் ஒட்டகம் வாங்குகிறார்கள். தம்பியிடம் யாரும் விலை பேசுவதில்லை.

அன்று வீடு திரும்பியதும், "குட்டிக்கு என்ன பேரு வைக்கலாம் அக்கா?" என்றான் பெர்தி.

"மொதல்ல மாயாவுக்குத் தண்ணி காட்டணும். இருபது வாளி இறை."

ஏன் என்று கேட்காமல் போனான். மூன்றாவது வாளியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மீதிப் பதினேழையும் அவளே இறைத்தாள்.