முருகன் முதலில் வாங்கிக்கொண்ட முடி

உயிரோடு எதிரில் நின்ற என்னைப் பார்த்து, ‘நீ அவன் இல்லை’ என்றார்கள். அன்றைக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. முருகனை நம்புகிறவர்கள் பொறுத்துப் படிக்க வேண்டும்.

நான் ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைக்கிறவன். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் தலையில் குண்டுச் சிதறல் பட்டு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் வரும் என்றார்கள். வரவில்லை. எங்கள் ஊர் முருகனிடம், “பென்ஷன் கைக்கு வரும் வரை தலையில் கத்தி வைக்க மாட்டேன். வந்ததும் மொட்டை போடுகிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். முடி தோளில் விழுந்தது, தாடி மார்பைத் தொட்டது. அப்போதுதான் கருவூலத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

ஒடுகத்தூருக்கு நடந்து இறங்கி பஸ் பிடித்துப் போனேன். எழுத்தர் காகிதத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அதில் மீசையும் ஒட்ட வெட்டிய தலையுமாக நான்.

“சாமியாருக்கு இன்னாத்துக்குய்யா மிலிட்டரி பென்ஷன்? இந்த ஆளு எங்க, செத்துட்டானா?”

“நான்தாங்க அது. வேண்டுதல் முடிங்க.”

“அப்போ எடுத்துட்டு வா.”

“பணம் வந்தாத்தாங்க எடுக்கணும். சாமிக்கு வாக்கு குடுத்துட்டேன்.”

“அப்போ சாமிகிட்டயே வாங்கிக்கோ, போ.”

மறுபடி மறுபடி போனேன். அதே பேச்சு, அதே சிரிப்பு. நாட்டுக்காக ரத்தம் சிந்திய தலை அது. உழவு மாட்டை விற்ற அன்று நேரே கோயிலுக்குப் போய், “நீயும் அவனும் கூட்டா?” என்று கத்தினேன். பின்னாலேயே என் மனைவி வந்துவிட்டாள்.

“இன்னா மாமா, சாமிகிட்ட சந்தையில பேசறாப்ல பேசற? நீ குடுத்தா நான் குடுக்கறன்னா அதுக்குப் பேரு பக்தியா? மொதல்ல நீ குடு.”

அவள்மேலும் கோபம். கோபத்தோடேயே உட்கார்ந்தேன். மச்சான் சிரைத்தான். விழுந்த முடியை அள்ளிச் சாமி முன்னால் வைத்து, “இந்தா, உன்னுது வந்துடுச்சு. என்னுது எங்க?” என்றேன். இதுவா பிரார்த்தனை என்பீர்கள். எனக்குத் தெரிந்தது அதுதான்.

மறுநாள் போய் நின்றேன்.

“அன்னிக்கி சாமியார், இன்னிக்கி மொட்டையா? போட்டோவுல மீசை இருக்குதேய்யா!”

அந்தச் சிரிப்பைக் கேட்டு அதிகாரி எழுந்து வந்தார். என் தலையைப் பார்த்து நின்றுவிட்டார். காதுக்கு மேலே சிதறல் கிழித்த தழும்பு, வெயில் படாத தோலில் பளிச்சென்று தெரிந்தது. காகிதத்தில் அங்க அடையாளம் எழுதிய இடத்தை விரலால் தொட்டு, “இத படிய்யா” என்றார். எழுத்தர் படித்தார். இடது காதுக்கு மேல் தழும்பு.

அத்தனை நாளும் அந்த வரி, எனக்குத் தெரியாமல், அவர் மேசையில்தான் இருந்தது. முடியை ஒதுக்கிப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை. இப்போது, “உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை.

அன்றே பணம் கைக்கு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். முருகா, நான் திட்டியதையும் நீ பிரார்த்தனையாகவே எடுத்துக்கொண்டாய்.

அந்த எழுத்தரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் முருகனோடு பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வருடா வருடம் கருவூலத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால், எதுவும் கேட்காமல் மொட்டை போட்டுக்கொள்கிறேன். அந்தத் தலையோடுதான் போய் நிற்கிறேன். எழுத்தர் பார்க்கட்டும்.

உங்களுக்குக் கோபம் இருந்தால் அதையும் சுமந்துகொண்டே அவன் சன்னதிக்குப் போங்கள். கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுங்கள். யார் கண்ணுக்கும் படாத தழும்பு அவன் கண்ணுக்குத் தெரியும்.