வேலிக்குக் கொடுத்த இரும்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பியும் ஆங்கிளும் செய்கிற ஆலை ஒன்றில் அப்போது எனக்கு வேலை. லாரியில் வருகிற இரும்பைத் தரம் பார்த்து இறக்கவேண்டும். அதைவிட முக்கியமாக, வாய் மூடிய பொருள் எதுவும் உலைக்குள் போகாமல் பார்க்கவேண்டும். மூடிய சிலிண்டர் ஒன்று போதும், உலை வெடித்து நாலு பேரைக் கொன்றுவிடும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஆணிகூட உள்ளே போகாது என்று கேன்டீனில் பீற்றிக்கொள்வேன். அப்படிப் பேசிய வாயை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

அக்காவை ஆர்.கே.பேட்டைப் பக்கம் கொடுத்திருந்தோம். மாமா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது வேர்க்கடலை போடுகிற ஒரு மேட்டுக் கொல்லை. எந்தக் காலத்திலோ இரண்டு படைகள் அங்கே மோதிக்கொண்டனவாம். யாரோடு யார், எதற்காக என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடலை பிடுங்கும்போது துருவேறிய இரும்புப் பீரங்கிக் குண்டு தட்டுப்படும். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். பிளாட் போடுகிறவர்கள் மூன்று முறை வந்து ஆசை காட்டிப் பார்த்தும் அக்கா மசியவில்லை.

"செத்தவங்க படுத்துகினு கீற எடம்டா. அதும் மேல ஊடு கட்ட நான் வுடமாட்டேன்" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு குண்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போய்த் தொல்லியல் அதிகாரி ஒருவரைப் பார்த்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"இதை எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. மத்ததையும் யாரும் தொடக்கூடாது. எது எங்க கிடக்குதுன்னு நான் மண்ணுலயே பார்க்கணும். அதைப் பார்த்தாத்தான் இந்த நிலத்தைப் பாதுகாக்கச் சொல்லி எழுத முடியும். அதுக்குள்ள சுத்தி ஒரு வேலி போட முடியுமான்னு பாருங்க" என்றார்.

குண்டைக் கொண்டுபோய் அதே குழியில் வைத்தேன். அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. குண்டுகளுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தால் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

வேலி விஷயத்தை எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். நல்ல மனுஷன். பழைய இரும்பு எவ்வளவு வருகிறதோ எடைக்கு எடை வேலிக் கம்பம் நட ஆங்கிள் தருகிறேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா ஊருக்குப் போய் ஜனங்களைக் கூட்டி, நிலத்தைக் காப்பாற்ற வேலி வேண்டும், இரும்பு எதுவாக இருந்தாலும் கொடுங்கள் என்று கேட்டேன். ஜனங்கள் கொடுத்தார்கள். உடைந்த ஏர்க் கொழு, கிணற்று உருளை, ஓட்டை அண்டா எல்லாம் வந்தன. ஒருவர் படுத்துக்கொண்டிருந்த இரும்புக் கட்டிலையே தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். மீதியையும் சேர்த்து லாரியில் அனுப்பச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து லாரி வந்தது. என் சர்வீஸில் நான் பார்க்காமல் இறக்கச் சொன்ன லாரி அது ஒன்றுதான். நம் ஜனங்கள் நல்ல காரியத்துக்குக் கொடுத்தது, அதில் என்ன சோதிக்கக் கிடக்கிறது என்று டீ குடிக்கப் போய்விட்டேன். பாதி டீயில் கிரேன் ஓட்டுகிறவர் வந்து நின்றார்.

"அண்ணா, உங்க அக்கா ஊரு லோடுல உருண்ட உருண்டயா வருது. ரெண்டு தபா உள்ள போட்டாச்சு. காட்டலாமேன்னு வந்தேன்."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். தரையில் ஐந்து குண்டுகள் கிடந்தன. மற்றவை எல்லாம் உலைக்குள் போயிருந்தன. ஃபோர்மேன் கரண்டை நிறுத்திவிட்டு உலை மேடையில் இருந்த ஆறு பேரையும் கீழே விரட்டினார். எல்லாரும் வெளிச்சுவருக்கு அப்பால் போய் நின்றோம்.

"உள்ள வெடிமருந்து இருந்திச்சின்னா இன்னாய்யா ஆவும்? நீதான பாக்கற ஆளு?" என்றார் ஃபோர்மேன். அந்த ஆறு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெடிக்கவில்லை. உள்ளே போனவை எல்லாம் கெட்டிக் குண்டுகள். ஆறு பேரும் அன்று வீட்டுக்குப் போனார்கள். அதற்கு நான் காரணமில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்கா ஊருக்குப் போனேன். கொல்லையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மண்வெட்டியால் கொத்திப் போட்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"எல்லாரும் அள்ளி அள்ளிக் குடுக்குறாங்கோ. என் ஊட்ல இன்னா கீது? உங்க மாமா சைக்கிள்தான் இருந்திச்சு, குடுத்துட்டேன். எங்கொல்லைக்கு நானு இம்மாத்தூண்டு குடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் ஒரு வாரமா கொத்தி, கெடந்த குண்டெல்லாம் பொறுக்கிப் போட்டேன். நல்ல எடைடா."

அவளிடம் அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மேனேஜர் வாக்குத் தவறவில்லை, வேலியும் வந்தது. அதிகாரியும் வந்தார். கொல்லையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான் மீட்டு வைத்திருந்த ஐந்து குண்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் இங்கதான் கிடந்ததுன்னு நான் எதை வெச்சு எழுதறது?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அதன் பிறகு எந்த உத்தரவும் வரவில்லை.

ஜீப் போன பிறகு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலிக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"தொடக்கூடாதுன்னு மின்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

தெரிந்தால் ஊரில் திருடிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நானுமா?" என்றாள்.